பாம்புக்காது பொறுக்கியெடுத்த பெட்டி

அந்த அறைக்குள் முதல்முறை நுழைகிற யாரும் முகத்தைச் சுளிக்காமல் இருந்ததில்லை. ஆளுயர இரும்பு அலமாரிகள், அவற்றில் தட்டுத்தட்டாகச் சர்வர்கள், ஒவ்வொரு சர்வரின் வயிற்றிலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி விசிறிகள். குட்டி என்று ஏமாந்துவிடக் கூடாது. அத்தனையும் சேர்ந்து போடும் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவனிடம் மணி என்ன என்று கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதோடு சூடேறிய பிளாஸ்டிக் வாடை. ஏசித் தண்ணீர் ஒழுகி ஊறிப்போன அட்டைப்பெட்டிகளின் பூஞ்சை வாடை வேறு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நம் ஆள் இந்த அறையில்தான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறான். இரைச்சல் புகாமல் காதில் மாட்டிக்கொள்ளக் கம்பெனியில் ஏதோ கொடுத்தார்கள். மாட்டினால் உள்ளே வியர்த்து நாறுகிறது, சீ என்று அதைக் கழற்றி மேஜை டிராயரில் எறிந்தவன், பிறகு அதைத் தொடவே இல்லை.

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் பாம்புக்காது. அலமாரிகளுக்கு நடுவே பேசிக்கொண்டே நடப்பான், சட்டென்று நிற்பான், "இதுல ரெண்டாவது ஃபேன் போகப்போகுது" என்பான். பிரித்துப் பார்த்தால் பேரிங் தேய்ந்து இலைகள் தள்ளாடிக்கொண்டிருக்கும். அந்த உறுமலில், இந்த ஒரு விசிறியின் கரகரப்பு மட்டும் அவனுக்கு எப்படிக் கேட்டது என்று மேலதிகாரிகளே வாயைப் பிளப்பார்கள். வெளியாட்கள் பார்வையிட வந்தால் அவனைக் கூப்பிட்டு நிறுத்தி வித்தை காட்டச் சொல்வார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் சத்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தன்னைத் தவிர வேறு நாதியில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று அவன் மனைவியைத்தான் கேட்க வேண்டும். ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று அதைச் சமையலறையிலிருந்து தூக்கிப் பின்வாசலில் வைத்தான். மேலே ஓடும் விசிறி தட்டுகிறது என்று நல்ல வெயில் காலத்தில் அதைக் கழற்றிவிட்டு எல்லோரையும் வேகவைத்தான். மாமனார் சூப்பை உறிஞ்சிய சத்தத்தில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவன் அவன். அவர் பாவம், அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட யோசிக்கிறார்.

மனைவி வாயால் பிழைப்பவள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்துகொடுப்பது அவள் வேலை. வீட்டில் இருப்பது ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்தான். படுக்கையறை மூலையில் துணி காயப்போடும் ஸ்டாண்டை நிறுத்தி, அதன்மேல் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, அடைகாக்கும் கோழி மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். மைக், லேப்டாப், புத்தகம், அவள். படிக்க ஆரம்பித்தால் தவளையின் ரத்த ஓட்டத்தைக்கூட யாரோ ஒரு சொந்தக்காரரின் கதைபோல் சொல்வாள். அந்த நிறுவனம் அடுத்து ஒரு வகுப்புக்கான எல்லாப் பாடங்களையும் ஒரே குரலில் பதிவு செய்யப்போகிறது, அந்தக் குரல் இவளுடையதாக இருக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப்பின் டிஸ்க் மண்டையைப் போட்டது. முழு உயிரியல் புத்தகமும் அதற்குள் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. கம்பெனிக்கே பேக்கப் எடுத்துக் கொடுப்பவன் வீட்டில் மனைவியின் உழைப்புக்கு ஒரு நகல் கிடையாது! அவள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் போர்வைக்குள் போய் முதல் பாடத்திலிருந்து திரும்பப் படிக்கத் தொடங்கினாள். அவளுடைய அந்தப் பேசாமையைவிட நாலு வசவு பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது. வீட்டில் ஒரு சர்வர் வைத்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

ஒரு பெரிய வீட்டைத் தடுத்து நாலு குடித்தனம் வைப்பதில்லையா, அதுபோல ஒரே பெட்டிக்குள் நாலு கணினிகளை ஓடவிடலாம். ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாது. ஒரு குடித்தனத்தில் அவளுடைய பதிவுகள், இன்னொன்றில் அவற்றின் நகல், மூன்றாவதில் அவன் வேலைக்கான பயிற்சி, நாலாவதில் இணையத்தில் வந்து விழும் விளம்பரக் கழிசடைகளை வாசலிலேயே மறித்து நிறுத்தும் காவல். இது அவனுக்குக் கைவந்த விஷயம். சிக்கல் இடத்தில்தான் இருந்தது. இணைய வயர் வருவது படுக்கையறைக்கு. ஆக, மைக்கிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில், இருப்பதே தெரியாத ஒரு பெட்டி வேண்டும். மின்சாரம் அடிக்கடி போய்விடுகிற வீடு என்பதால், சின்ன பேட்டரியில் தாக்குப்பிடிக்க அது குருவி தின்பதுபோல் மின்சாரம் தின்ன வேண்டும்.

செய்தி கேட்டு முதலில் வந்தவன் மச்சினன், அவள் தம்பி. அவன் ஆபீசில் தூக்கிப்போட்ட பழைய சர்வர் ஒன்றைக் காரின் பின்சீட்டில் பிணத்தைப்போல் கிடத்திக் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, சும்மாவே கொடுத்தாங்க. ராஜா மாதிரி மெஷின்!"

மாட்டி ஸ்விட்சைப் போட்டதுதான் தாமதம், வீடே கிளம்பிப் பறக்கப்போவதுபோல் அலறியது. மாடி வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப்பார்த்தார். உள்ளேயிருந்து யார் யாருடைய ஆபீசிலோ சேர்ந்த தூசி, சாம்பல் உருண்டைகளாகப் படுக்கைமேல் பறந்து விழுந்தது. மின்சாரம் அளக்கும் மீட்டரைச் செருகிப் பார்த்தான். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது மூன்று ஃபிரிட்ஜுகளுக்கு ஆகிற மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

"இதை எடுத்துட்டுப் போ மாப்ள. இப்பவே போ. பெட்ஷீட்டைத் தோய்க்கணும்."

"கொஞ்ச நாள்ல பழகிடும் மாமா."

"சாக்கடை நாத்தம்கூடத்தான் பழகும். அதுக்காக வீட்டுக்குள்ள வெட்டிவிடுவாங்களா?"

மச்சினன் முகம் தொங்கிப்போய் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனான்.

அடுத்து வீடியோக்கள். அதில் வருகிறவர்களைப் பார்த்தாலே நம் ஆளுக்குக் குமட்டியது. முதுகுக்குப் பின்னால் ஊதா விளக்கு, முகத்தில் காரணமில்லாத ஆச்சரியம், வாயைத் திறந்தால் "சத்தமே இல்லாத சூப்பர் பெட்டி!" சத்தமே இல்லை என்று அவன் சொல்லும்போதே பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டை நிறுத்தடா முதலில்! ஒருவன் எந்தப் பெட்டியைக் காட்டினாலும் புகழ்ந்தான். எல்லாமே அவனுக்கு இலவசமாக வந்தவை. காசு வாங்கிக்கொண்டு நாக்கை வாடகைக்கு விடுகிற பிழைப்பு என்று சொல்லித் திரையை மூடினான்.

பழைய சாமான் விற்கும் கடைக்கும் போனான். ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த சின்ன கணினி ஒன்றைக் கடைக்காரர் துணியால் ஒரு துடை துடைத்து முன்னால் வைத்தார். வெளியே பளபளப்பு. மூடியைக் கழற்றினால் விசிறி இலைகளில் சிகரெட் புகையின் தார் மஞ்சளாகப் படிந்து பிசுபிசுத்தது, ப்ராசசருக்குப் பக்கத்துச் சூட்டில் கரப்பான் குடும்பம் ஒன்று முட்டையும் தோலுமாக வாழ்ந்து முடித்திருந்தது. ஒன்று இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தது. அது அவன் கைமேல் ஏறி ஓடியது.

"ஒண்ணும் செய்யாது சார். ஊதிவிட்டாப் போயிடும்," என்றார் கடைக்காரர்.

கடைக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, இனிப் புதிதாக, விசிறியே இல்லாததாக வாங்குவது என்ற தீர்மானத்தோடு வீடு திரும்பினான்.

பொறுக்குவதில் அவன் செய்த அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமல்ல. வேகம் பெரிதில்லை, சும்மா இருக்கையில் எவ்வளவு அடங்குகிறது என்பதுதான் பெரிது என்று தேடித்தேடி ஒரு ப்ராசசரைப் பிடித்தான். நாலு குடித்தனமும் நெருக்கடியில்லாமல் இருக்க ரேம் மட்டும் தாராளமாகப் போட்டான். சுழலும் டிஸ்க் கரகரக்கும், அது வேண்டவே வேண்டாம். சுழலாத டிஸ்க்குகள் இரண்டு, ஒன்று செத்தாலும் மற்றதில் எல்லாம் இருக்கும்படி. பெட்டியின் உடம்பே கனத்த அலுமினியம், வரிவரியாக மடிப்பு வைத்து, உள்ளே எழும் சூட்டைத் தானே வெளியே தள்ளிவிடும். விசிறி இல்லை, அசைகிற பாகம் எதுவுமே இல்லை. வந்து இறங்கியபோது ஒரு பெரிய சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது.

மாட்டிய பிறகும் விட்டானா? மீட்டரைச் செருகிவைத்துக்கொண்டு, வேலையில்லாத நேரங்களில் ப்ராசசர் எவ்வளவு ஆழமாகத் தூங்க முடியுமோ அவ்வளவு ஆழமாகத் தூங்கும்படி ஒவ்வொரு அமைப்பாக மாற்றிக்கொண்டே போனான். எண் இறங்கி இறங்கிப் பத்து வாட்டுக்குக் கீழே வந்ததும், குழந்தைக்குப் பல் முளைத்த மாதிரி வீட்டையே கூப்பிட்டுக் காட்டினான். பெட்டியின்மேல் காதை வைத்தான். சத்தமே இல்லை. கண்ணை மூடிக் கேட்டான், மறுபக்கக் காதை வைத்துக் கேட்டான். சுத்தம்.

"நீயும் வெச்சுக் கேளேன்," என்றான் மனைவியிடம்.

அவள் குனிந்து காதை வைத்தாள். சட்டென்று நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"அதானே சொல்றேன், ஒண்ணுமே கேக்கலை! எப்படி?"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு, "சரிங்க," என்றாள்.

பெட்டி வந்த பிறகு அனுப்பிய பாடங்கள் திரும்பி வரத் தொடங்கின. பதிவுகளைச் சரிபார்க்கும் அம்மாள் போன் செய்தார். ஸ்பீக்கரில் அவர் சொன்னதை அவனும் கேட்டான். "குரல் அருமையா இருக்கும்மா. ஆனா அடியில ஒரு கீச்சு ஓடிக்கிட்டே இருக்கு. ஹெட்ஃபோன் போட்டுக் கேக்கற பிள்ளைங்களுக்குத் தலைவலி வந்துடும். பெரிய வேலை கொடுக்கப்போற நேரம், பார்த்துக்கங்க."

கீச்சா? தன் வீட்டிலா? பாம்புக்காதுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பதிவைப் போட்டுக் கேட்டான். ஒரு மண்ணும் இல்லை. இருந்தாலும் குற்றவாளியைப் பிடிக்கப் புறப்பட்டான். மைக் வயர் மட்டம் என்று வெட்டி எறிந்தான். குழல்விளக்குதான் என்று அதைக் கழற்றினான், அவள் கைவிளக்கில் படித்தாள். மாடி வீட்டு மோட்டார்தான் என்று மேலே போய்ச் சண்டை பிடித்தான், அவர்கள் வீட்டில் மோட்டாரே இல்லை. பாடங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

"அந்தப் பெட்டியை ஒரு நாள் அணைச்சுப் பார்க்கலாமா?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"எதை? அதையா? அதுல என்ன இருக்கு சத்தம் போட? நீயே காது வெச்சுக் கேட்டியே! அந்தம்மாவுக்குத்தான் காதுல ஏதோ கோளாறு. இப்படி ஒரு செவிட்டு ஜன்மத்தைக் கொண்டுபோய் இந்த வேலையில உட்கார வெச்சிருக்காங்க, த்தூ!"

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் அந்த அம்மாள் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒலியைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருளில் எடுத்தது. கீழே அவள் குரல் மேடும் பள்ளமுமாக அலைகிறது. அதற்கு வெகு மேலே, ஓரத்திலிருந்து ஓரம்வரை, நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு. அறிவியல் பாடத்தை வேறொரு குரலுக்குக் கொடுத்துவிட்டோம், வரலாறும் இப்படியே வந்தால் அந்தப் பெரிய வேலையையும் அவருக்கே கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்று கீழே எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு போனை அவனிடம் நீட்டினாள், கூடத்துக்குப் போய்த் துணி மடிக்க உட்கார்ந்தாள்.

கண்ணால் பார்த்ததை அவனால் திட்ட முடியவில்லை. தானே அந்த மென்பொருளைப் போட்டு எல்லாப் பதிவுகளையும் வரிசையாகத் திறந்தான். எல்லாவற்றிலும் கோடு இருந்தது, சிலவற்றைத் தவிர. அவை எப்போது பதிவானவை என்று பார்த்தான். பெட்டி பேக்கப் எடுத்துக்கொண்டிருந்த நேரங்கள். அதாவது அது மும்முரமாக வேலை செய்யும்போது கோடு இல்லை. சும்மா படுத்திருக்கும்போதுதான் இருக்கிறது. இப்படி ஒன்று உண்டு என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ப்ராசசர் தூங்குவதும் விழிப்பதுமாக இருக்கையில், மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்ந்து போர்டில் இருக்கும் கம்பிச்சுருள்கள் அதிர்ந்து கீச்சிடும். விசிறி இல்லாவிட்டாலும் கீச்சிடும். ஆழத் தூங்கவைக்கத் தூங்கவைக்க இன்னும் கீச்சிடும்.

பெட்டியைக் கையில் எடுத்துக் காதோடு அழுத்திப் பிடித்தான். ஒன்றுமில்லை. பதிவைப் போட்டு, குரலை நீக்கிவிட்டு அந்தக் கோட்டை மட்டும் வைத்து, ஒலியைக் கூட்டினான். கூட்டிக்கொண்டே போனான். திரையில் ஒலியளவு காட்டும் பட்டை சிவப்பைத் தொட்டது, காதில் ஒன்றுமில்லை. கூடத்திலிருந்து அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"அய்யோ, நிறுத்துங்க!"

நிறுத்தினான்.

"உனக்கு இது கேக்குதா?"

"கேக்குதுங்க."

"எப்பலேர்ந்து?"

"அந்தப் பெட்டி வந்த அன்னிலேர்ந்து."

"பின்ன ஏன்டி சொல்லலை? உன் வேலையே போகப்போகுதே! வாயில என்ன வெச்சிருந்தே?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க காதை வெச்சுக்கிட்டு ஒண்ணுமே இல்லைன்னு சிரிச்சீங்க. நீங்க பொய் சொல்லலைன்னு தெரிஞ்சுது. அப்பதான் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஆபீஸ்ல உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியாதா? அதை நான் எப்படிங்க சொல்லுவேன்? அணைச்சுப் பார்க்கலாமான்னு மட்டும் கேட்டேன்."

அவன் செவிட்டு ஜன்மம் என்று யாரைச் சொன்னான் என்பது இருவருக்குமே நினைவிருந்தது. விசிறிகளின் கரகரப்பு கேட்கிறது, உறுமல் கேட்கிறது. கனத்த சத்தமெல்லாம் கேட்கிறது. அதற்கு மேலே இருந்ததையெல்லாம் அந்த அறை எத்தனையோ வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. இவன் அதன் நடுவே நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வித்தை காட்டியிருக்கிறான். இதுவரை உலகத்தையே பார்த்து வந்த அருவருப்பு இப்போது அவன் மேலேயே திரும்பியது. மச்சினன், வீடியோக்காரன், கடைக்காரர், மாடி வீடு, அந்த அம்மாள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் காறித் துப்பியிருக்கிறான். மனைவியின் கைக்கு எட்டிய வேலையைக் கெடுத்தவன் அவன் ஒருவன்தான். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக்கூட அவனுக்குக் கூசியது.

அவளோ எழுந்து வந்து பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க அதை மாத்துங்க. நான் கேட்டுச் சொல்றேன். இன்னிக்கே வரலாறு முதல் பாடம் எடுக்கணும்."

அவன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். அவள் பெட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கத்தின் அடியாழத்தை முதலில் நிறுத்தினான்.

"இப்ப?"

"இருக்கு. வேற மாதிரி இருக்கு, கொசு மாதிரி."

இன்னொன்றை நிறுத்தினான். எத்தனையோ நாள் இழைத்து இழைத்து இறக்கிய எண், மீட்டரில் மளமளவென்று ஏறியது. பத்தைத் தாண்டியது, அவன் கவலைப்படவில்லை.

"இப்ப?"

"குறைஞ்சிருக்கு. இருக்கு."

இன்னொன்று. அவள் தலையை அசைத்தாள். கடைசியாக மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டான். ப்ராசசர் இனிக் கண்ணயரவே போவதில்லை, எண் இருமடங்கைத் தொட்டு நின்றது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் மீட்டரை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றிச் சுருக்கம் மெல்ல நெகிழ்ந்தது. பெட்டியில் காதை வைத்தபடியே அவள் உதடுகள் அசைந்தன.

பிறகு அவள் தலையை நிமிர்த்தி, அவனுக்கு நேராக முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சத்தமாகச் சொன்னாள்.

"போயிடுச்சுங்க. இப்ப சத்தமே இல்லை."

அந்த அறையில் அப்போது ஒரு விசிறி ஓடவில்லை, ஒரு விளக்கு இரையவில்லை. யாரும் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

"இதையே இப்ப ரெண்டு தடவை சொன்னியா?" என்று கேட்டான்.

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போர்வையை விலக்கினாள்.

"எதையுமே நான் ரெண்டு தடவைதாங்க சொல்றேன். ரொம்ப வருஷமா."